நீதிபதி மணி ஐயர்

தோற்றுவாய்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அவ்வூரில் நின்று மேற்கே நோக்கினால் மலைக்குப் பின் மலையாக அடுக்கி நிற்கும் காட்சியைக் காணலாம். அம்மலைகளின்மேல், வானளாவிய மரங்களின் நிழலில், ஏலச் செடிகள் தழைத்து வளர்கின்றன. விடியுமுன் எழுந்து மலையேறிச் சென்று, குனிந்த தலை நிமிராது காய் பறித்து, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பும் உழைப்பாளர் பலர் இவ்வூரையும் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் சேர்ந்தவர். பறித்த காயை உலர்த்திச் சல்லடையிலிட்டுச் சலித்து, பருமனும் நிறமும் நோக்கித் தரம் பிரிப்பர். அதன் பின்னரே அது விலைக்கு வரும். ஏலமே ஏலத்தில் கூறப்படும் ஊர் இஃது என்று சொன்னால் மாணவர் நகைத்தல் கூடும். ஆயினும் அது மெய்யே.

இத்தகைய ஊரில் தராசுக்குத் தனி மதிப்பு உண்டு. இன்று மின்னாற்றலால் இயங்கும் எடைக்கருவிகள் வந்துவிட்டன. முன்னாளில் கோலும் தட்டும் கொண்ட துலாக்கோலே எல்லார்க்கும் பொது. ஏலக்காய் எடையிற் சிறியது, விலையிற் பெரியது. ஆதலால் நிறுப்பவன் கை இம்மியளவு நடுங்கினும், ஒருவனது நாட்கூலி மற்றொருவன் பைக்குள் போய்விடும். துலாக்கோலுக்கு ஆண்டை இன்னான், ஆள் இன்னான் என்ற வேற்றுமை தெரியாது. அதனைப் பிடித்திருக்கும் கைக்கு அவ்வேற்றுமை தெரியும். தெரிந்திருந்தும் நடுங்காதிருப்பதே அக்கையின் பெருமை.

நீதிமன்றம் என்பதும் ஒரு துலாக்கோலே. அதனை நடுங்காத கையாற் பிடித்து, இறுதியில் தம் வாழ்வையே அதன் தட்டில் ஏற்றி நிறுத்துக்காட்டிய பெரியார் ஒருவர் மதுரைச் சீமையிலே தோன்றினார். அவரே மணி ஐயர் என்று மக்களால் அன்புடன் அழைக்கப்பெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர். அவர் வாழ்ந்த நாளில் போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவுகளின் கீழ்ப்புறமும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தன. தேனி தனி மாவட்டமானது 1996ஆம் ஆண்டிலேதான். ஆதலால் அவர் இப்பகுதிக்கு உறவினர் எனக் கொள்வது பொருந்தும்.

பிறப்பும் இளமையும்

மணி ஐயர் 1842ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் மதுரையம்பதியில் பிறந்தார். தந்தையார் சுப்பையர், இராமநாதபுரம் சமீன்தாரின் வக்கீலாகப் பணி புரிந்தவர். மகன் மழலை மொழி பேசும் பருவத்திலேயே அவர் இவ்வுலகை நீத்தார். தந்தை முகம் நினைவில் நில்லாத அந்தப் பிள்ளைக்குத் தந்தையின் தொழில் மட்டும் குலச்சொத்துப்போல வந்து சேர்ந்தது.

மதுரையில் பாதிரிமார் நடத்திய ஆங்கிலப் பள்ளியிலும், பின்னர் அரசினர் நடத்திய மாவட்டப் பள்ளியிலும் அவர் கல்வி பயின்றார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரி சென்று பயிலும் வாய்ப்பு உடனே கிட்டவில்லை. அரசாங்க ஊழியத்தில் அமர்ந்து, ஓய்ந்த நேரங்களில் சட்ட நூல்களைத் தாமே கற்றார். தாமே கற்பது இரு மடங்கு உழைப்பு. ஐயம் தோன்றினால் அதனை நீக்க அருகில் ஆசான் இரார்; சோர்வு தோன்றினால் தட்டி எழுப்ப உடன்பயில்வாரும் இரார். இவ்விரண்டு குறையையும் தம் ஊக்கத்தாலேயே நிரப்பிக்கொண்டு தேர்வுகளில் வெற்றி பெற்ற அவர், 1869ஆம் ஆண்டில் மதுரையிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

மதுரை வக்கீல்

அக்காலத்து மதுரை மாவட்டம் சமீன்களும் பழைய பாளையங்களும் மலிந்தது. போடிநாயக்கனூரும் அத்தகைய பாளையங்களுள் ஒன்றே. நிலத்தின் எல்லை, வாய்க்கால் நீரின் முறை, பங்காளிகளின் பாகம், தத்து வந்த பிள்ளையின் உரிமை என வழக்குகள் ஓயாமல் முளைக்கும். மலையடிவாரத்தில் வாழும் உழவன் ஒருவனுக்கு வழக்கு நேர்ந்தது என வைத்துக்கொள்வோம். மாவட்ட நீதிமன்றத்திற்கு வரவேண்டுமாயின் அவன் வண்டியில் மாடு பூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையுடன், நெடுவழி கடந்து மதுரைக்கு வரவேண்டும். மதுரையிலிருந்து போடிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது 1928ஆம் ஆண்டிலே. இத்துணைத் தொலைவு நடந்து வந்தவனுக்கு அவன் கூறுவதைச் செவிசாய்த்துக் கேட்கும் வக்கீல் ஒருவர் கிடைத்தால், அதுவே பாதி நீதி கிடைத்தது போலாகும்.

இத்தகைய மாவட்டத்தில் பதினாறு ஆண்டுகள் தொழில் நடத்திய மணி ஐயர், சட்ட நுட்பத்தோடு மக்களின் வாழ்க்கை நுட்பத்தையும் ஒருங்கே கற்றுக்கொண்டார். ஊர் நலனிலும் அவர் கருத்துச் செலுத்தினார். மதுரை நகராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்து தொண்டாற்றினார். அவர் புகழ் வைகைக் கரையைக் கடந்து சென்னை வரை பரவிற்று. 1884ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அவரைச் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமித்தனர். அவ்வாண்டிலே அவருடைய துணைவியார் காலமானார். துயரத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, 1885ஆம் ஆண்டில் அவர் மதுரையை விட்டுச் சென்னையில் குடியேறினார்.

அவ்வாண்டின் இறுதியில் பம்பாய் நகரில் இந்திய தேசியக் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. நாடெங்கணுமிருந்து வந்திருந்த பேராளர் எழுபத்திருவருள் மணி ஐயரும் ஒருவர். இந்து, சுதேசமித்திரன் ஆகிய இதழ்களைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயரும் அம்மாநாட்டிற்குச் சென்றிருந்தார். பெயர் ஒன்றாயினும் இவர் வேறு, அவர் வேறு என்பதை மாணவர் மனங்கொள்ளுதல் வேண்டும்.

உயர்நீதிமன்றத்தில்

சென்னை உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அது முதற்கண் வழக்குகளையும் விசாரிக்கும். ஆயினும் மாவட்டங்களிலுள்ள மக்களுக்கு அது சிறப்பாக மேல்முறையீட்டு மன்றமே ஆகும். மேல்முறையீடு என்பது யாது? கீழ்மன்றத்தார் அளித்த தீர்ப்பில் குறை உண்டு எனக் கருதுவோர், அதனை மீண்டும் ஆராயுமாறு மேல்மன்றத்தை வேண்டுவது. மேல்மன்ற நீதிபதி பெரும்பாலும் சாட்சிகளின் முகத்தைக் காண்பதில்லை. அவர்கள் சொன்னவை எழுத்தில் வந்திருக்கும். அவ்வெழுத்துக்கு உள்ளே மெய் யாண்டு உளது எனத் தேடுதல் அவர் கடன். சட்டத்தின் பொருள் யாது எனத் தெளிவுறுத்துதலும் அவர் கடனே. அவர் கூறும் முடிவு, ஒரு வழக்கோடு நில்லாமல், பின்வரும் பல வழக்குகளுக்கும் வழிகாட்டியாகும். அந்நாளில் உயர்நீதிமன்றத்திற்கு மேலே இலண்டனிலிருந்த பிரிவுக் கவுன்சில் ஒன்றே உண்டு. கடல் கடந்து அங்குச் செல்லப் பொருள் உள்ளவர் எத்துணைப் பேர்? ஆதலால் ஏழை எளியவர்க்குச் சென்னை மன்றத்தின் சொல்லே இறுதிச் சொல்.

அம்மன்றத்தில் வக்கீல்கள் இரு வகையினராக இருந்தனர். இங்கிலாந்து சென்று பயின்று வந்த பாரிஸ்டர்கள் ஒரு வகை. இந்நாட்டிலேயே பயின்ற வக்கீல்கள் மற்றொரு வகை. முன்னவர்க்கே சிறப்பிடம். அவ்வேறுபாட்டைத் தம் அறிவாலும் உழைப்பாலும் தாண்டினார் மணி ஐயர். 1888ஆம் ஆண்டில் அவர் அரசாங்க வக்கீலாக நியமிக்கப்பெற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த தி. முத்துசாமி ஐயர். வறுமையிற் பிறந்து, தெருவிளக்கின் ஒளியிற் படித்து உயர்ந்தவர் என இன்றளவும் மக்கள் வழிவழியாகப் போற்றும் பெருமகனார் அவர். அவர் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இறைவனடி சேர்ந்தார். அவர் வீற்றிருந்த இருக்கை மணி ஐயருக்கு வந்தது. பெரியோர் ஒருவர் அமர்ந்த இருக்கையில் அடுத்து அமர்வது எளிதன்று. ஒவ்வொரு தீர்ப்பும் முன்னவர் தீர்ப்போடு ஒப்பிடப்படும். மணி ஐயர் அவ்வொப்பீட்டிற்கு அஞ்சவில்லை. சட்டத்தின் சொல்லையும், அச்சொல் எவர் வாழ்வில் சென்று தைக்கிறது என்பதையும் ஒருங்கே நோக்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் நீதி வழங்கினார்.

1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில், தலைமை நீதிபதி இல்லாத காலத்தே அப்பொறுப்பை ஏற்று நடத்தினார். மும்முறை அவ்விருக்கையில் அமர்ந்தும், அஃது அவருக்கு நிலையாக உரியதாகவில்லை. அவர்பால் குறை இருந்ததோ? இல்லை. உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பாரிஸ்டராகவே இருத்தல் வேண்டும் என்று 1861ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. இந்நாட்டிலேயே பயின்ற வக்கீல் எத்துணை வல்லவராயினும் அப்பதவியைப் பிறர்க்காகக் காத்திருந்து திருப்பிக் கொடுக்கலாம், தமக்கெனக் கொள்ளலாகாது. சென்னை உயர்நீதிமன்றத்தில் இந்தியர் ஒருவர் நிலையான தலைமை நீதிபதியானது நாடு விடுதலை பெற்ற பின்னரே, பி. வி. இராசமன்னார் 1948ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்றார். பிறர்க்கு நீதி வழங்கிய மணி ஐயருக்குச் சட்டமே நீதி வழங்கவில்லை என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிறப்புகள் மட்டும் நிரம்ப வந்தன. திவான் பகதூர் என்னும் பட்டம் முன்னரே வந்திருந்தது. 1900ஆம் ஆண்டில் சர் என்னும் பட்டமும் வந்தது. 1904ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. அப்பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டப் பேரறிஞர் பட்டமும் அளித்துப் பெருமை கொண்டது. உடல்நலங் குன்றியமையால் 1907ஆம் ஆண்டில் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

முதுமையில் ஒரு மடல்

பதவியும் பட்டமும் பெற்று ஓய்ந்தவர் எஞ்சிய நாளை அமைதியாகக் கழித்தலே உலக வழக்கம். மணி ஐயரும் மயிலாப்பூரில் தம் இல்லத்தில், சமய நூலாராய்ச்சியில் பொழுதைக் கழித்துவந்தார். அவரை நாட்டின் நிலை அமைதியாக இருக்கவிடவில்லை.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்பெரும்போர் மூண்டது. இந்திய வீரர் பல்லாயிரவர் கடல் கடந்து சென்று ஆங்கிலேயர்க்காகக் குருதி சிந்தினர். ஆயினும் இந்தியர்க்குத் தம் நாட்டைத் தாமே ஆளும் உரிமை தரப்படவில்லை. அவ்வுரிமையை வேண்டி அன்னி பெசன்ட் அம்மையார் 1916ஆம் ஆண்டில் சென்னையில் தன்னாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதன் மதிப்புறு தலைவராக இருக்க இசைந்தார் மணி ஐயர். 1917ஆம் ஆண்டு சூன் திங்களில் அம்மையாரையும் அவருடைய துணைவர் இருவரையும் அரசாங்கத்தார் காவலில் வைத்தனர். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, ஆணை ஒன்றே உண்டு. இருதரப்பையும் கேட்டன்றித் தீர்ப்புக் கூறாத ஒருவரால், கேளாமலே அளிக்கப்பெற்ற அத்தீர்ப்பை எவ்வாறு பொறுத்தல் இயலும்?

அப்பொழுது அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர் உட்ரோ வில்சன். மக்களாட்சிக்காகவே தம் நாடு போரில் இறங்குகிறது என்று அவர் அவ்வாண்டிலே உலகறிய அறிவித்திருந்தார். மக்களாட்சி ஐரோப்பாவிற்கு நன்று எனின், இந்தியாவிற்கு மட்டும் ஆகாதோ என்னும் வினா மணி ஐயரின் உள்ளத்தே எழுந்தது. 1917 சூன் 24ஆம் நாள் அவர் வில்சனுக்கு ஒரு மடல் எழுதினார். இந்திய மக்கள் அயலாட்சியில் படும் அல்லலை அதில் எடுத்துரைத்தார். தன்னாட்சி தருவதாக வாக்களித்தால், மூன்று திங்களுக்குள் ஐம்பது இலட்சம் வீரரும், அடுத்த மூன்று திங்களில் மேலும் ஐம்பது இலட்சம் வீரரும் போர்முனைக்கு வர இந்தியா முன்வரும் என்றும் எழுதினார். அஞ்சல்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த காலம் அது. ஆதலால் அமெரிக்கரான ஹாட்ச்னர் தம்பதியர் அம்மடலைத் தம்முடன் கொண்டுசென்று சேர்ப்பித்தனர். அப்பொழுது அவருக்கு அகவை எழுபத்து நான்கு.

பட்டம் துறந்த பெருமை

மடலின் செய்தி ஆங்கில ஆட்சியாளர்க்கு எட்டியது. அவர்கள் சினந்தனர். அரசரிடம் பட்டம் பெற்ற ஒருவர், அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த ஒருவர், போர்க்காலத்தில் பிறநாட்டுத் தலைவரிடம் முறையிடுவதா என்பது அவர்கள் கட்சி. 1917ஆம் ஆண்டின் இறுதியில் இராசப்பிரதிநிதி செம்ஸ்போர்டும் இந்திய மந்திரி மாண்டேகுவும் சென்னைக்கு வந்தபொழுது, தம்மைக் காண வந்த முதியவரை அம்மடலின் பொருட்டுக் கடிந்துகொண்டனர். அடுத்த ஆண்டில் அச்செய்தி இலண்டன் பாராளுமன்றம் வரை சென்றது. அது வெட்கத்திற்குரிய மடல் என்று மாண்டேகு அவையிலே பழித்துரைத்தார்.

அப்பழி உரைக்கப்பட்டபொழுது மணி ஐயர் அவ்வவையில் இல்லை. மறுமொழி கூற அவருக்கு அங்கே இடமும் இல்லை. வாளா இருந்திருந்தால் பட்டங்கள் அவரிடமே இருந்திருக்கும். மன்னிப்பு வேண்டி ஒரு வரி எழுதியிருந்தால் ஆட்சியாளரின் சினமும் தணிந்திருத்தல் கூடும். இவ்விரண்டனுள் ஒன்றையும் அவர் செய்யவில்லை. வாழ்நாள் முழுதும் பிறர் வழக்கை நிறுத்த பெரியார், அன்று தம் வழக்கைத் தாமே நிறுத்தார். ஒரு தட்டில் சர் பட்டமும் திவான் பகதூர்ப் பட்டமும் இருந்தன. மறு தட்டில் மெய் என்று தாம் அறிந்ததைச் சொல்லும் உரிமை இருந்தது. எத்தட்டுத் தாழ்ந்தது என்பதை ஆராய அவருக்கு நெடும்பொழுது வேண்டியிருக்கவில்லை. 1918ஆம் ஆண்டில் இரு பட்டங்களையும் துறந்துவிட்டதாக அரசாங்கத்தார்க்கு எழுதி அறிவித்தார்.

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கிப் பட்டங்களைத் துறக்குமாறு நாட்டு மக்களை அழைத்தது 1920ஆம் ஆண்டில். பஞ்சாபிலே சாலியன்வாலாபாகில் நிகழ்ந்த கொடுமையைக் கண்டு கவியரசர் தாகூர் தம் சர் பட்டத்தைத் துறந்தது 1919ஆம் ஆண்டில். அவ்விரண்டிற்கும் முன்னரே, மதுரையிற் பிறந்த முதியவர் ஒருவர், எவரும் வற்புறுத்தாமல், எக்கூட்டமும் கைதட்டாமல், அச்செயலைச் செய்துமுடித்தார். துறந்தது பெரிது, துறந்த காலம் அதனினும் பெரிது. வழி போட்டவர் நடந்த நாளில் வழி இல்லை. பின் வந்தவர்க்கே வழி உண்டு.

முடிவுரை

பட்டம் போனமையால் மக்கள் மதிப்பில் அவர் குறைந்தாரல்லர். தென்னாட்டின் முதுபெரும் பெரியார் என அவரை அனைவரும் போற்றினர். அவர் 1924ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் அகவையில், புகழுடம்பு எய்தினார். சென்னைக் கடற்கரைச் சாலையில், பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையின் முன்னே அவருடைய சிலை நின்று விளங்குகின்றது. அவ்வழியே செல்லும் மாணவர் ஒருகணம் நின்று அதனை நோக்குதல் தகும்.

மணி ஐயர் காலத்தில் மலையடிவாரத்து உழவன் மேல்முறையீட்டுக்காகச் சென்னை வரை செல்லவேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் கிளை மதுரையிலே திறக்கப்பெற்றது. இன்று போடிநாயக்கனூரிலிருந்து காலையிற் புறப்பட்ட ஒருவன் அம்மன்றத்திற்குச் சென்று அன்று மாலையே வீடு திரும்பலாம். மன்றம் அருகே வந்துவிட்டது. ஆயினும் மன்றம் அருகே வருவதும் நீதி அருகே வருவதும் ஒன்றல்ல. துலாக்கோல் எவ்வூரில் தொங்கினும், அதனைப் பிடிக்கும் கையைப் பொறுத்ததே நிறை.

நம்முள் எல்லாரும் நீதிபதி ஆவதில்லை. ஆயினும் ஏதேனும் ஒரு தராசு எல்லார் கைக்கும் வரும். ஏலக்காய் நிறுப்பவனுக்கு ஒரு தராசு. கூலி கணக்கிடுபவனுக்கு ஒரு தராசு. தோழர் இருவர் பிணங்கினால் நடுவே நிற்கும் மாணவனுக்கும் ஒரு தராசு. அப்பொழுது பிறரை நிறுப்பது எளிது. தனக்கு இழப்பு வரும் என்று அறிந்தும் தன்னையே தட்டில் ஏற்றி நிறுப்பது அரிது. அவ்வரிய செயலை எழுபத்தைந்தாம் அகவையில் செய்து காட்டியவர் மணி ஐயர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.